எரிய வேண்டிய வேளையில் எரிகிறதா?



உங்கள் காரின் சாவியை எப்படித் திருப்புகிறீர்கள்? நம்மில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் கடைசிவரை திருப்பி, இன்ஜின் உறுமியவுடன் கியரைப் போட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனைக்குப் பத்து நிமிடமே இருக்கையில், இன்னும் விரைவாகவே திருப்புகிறோம். ஆனால் இன்ஜின் கிளம்புவதற்கு முன்னே சாவிக்கு ஒரு நிலை உண்டு. அங்கே கையை நிறுத்தினால் மீட்டருக்குள் சில சிவப்பு விளக்குகள் எரியும். எண்ணெய்க் குவளை போன்றது ஒன்று, பேட்டரிப் பெட்டி போன்றது ஒன்று. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் அதற்குரிய வட்டம் ஒன்று. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முதல் இரண்டும் அணைந்துவிடும். பிரேக்கை விடுவித்தால் மூன்றாவதும் அணையும். இந்த வாரம் அந்த இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

விளக்கைப் பற்றி எழுதத் தொடங்கும் போதகர் எவரும் பத்துக் கன்னிகைகளிடம் போய்ச் சேருவதே வழக்கம். இன்று நான் அங்கே போகப்போவதில்லை. பழைய காரின் மீட்டருக்குள்ளேயே போதுமான அளவு பேச வேண்டியிருக்கிறது.

ஓடுகிற காரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். எல்லாம் நலமாக இருக்கிறது என்பது ஒன்று. விளக்கே செத்துப் போய்விட்டது என்பது மற்றொன்று. ஓட்டுகிறவருடைய கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டுதான். எது உண்மை என்பதைப் பிரித்துக் காட்டுவது இன்ஜின் கிளம்புவதற்கு முன்னுள்ள அந்தச் சில விநாடிகள் மட்டுமே. அப்போது எரிந்து, பின் அணைந்த விளக்கை நம்பலாம். அப்போதே எரியாத விளக்கு, பிறகு எரியாமல் இருப்பதைக் கொண்டு எதையும் அறிய முடியாது.

நம் சபையின் சகோதரர் ஒருவர், தம் தாயாரை வாரம் மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்வதற்காகப் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பேருந்தில் போய்வந்தால் அந்த அம்மாவுக்கு மறுநாள் எழுந்து நடமாட முடிவதில்லை; அதனால்தான் கடன் வாங்கியாவது அந்த வண்டியை வாங்கினார். வண்டி நன்றாகவே ஓடியது. நான்காம் மாதத்தில் ஒருநாள், ஆலங்குளம் தாண்டி வரும்போது, இன்ஜினிலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் அடியிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து தீர்ந்திருக்கிறது. "லைட் எரியவே இல்லையே ஐயா" என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. மீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஆயில் விளக்குக்குரிய ஹோல்டர் இருந்தது. அதற்குள் பல்பு இல்லை. உருகிப்போன பல்பாக இருந்தால் அங்கேயே இருந்திருக்கும். அவருக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவர், விளக்கு எரிந்து தொல்லை கொடுப்பதைத் தாங்காமல், பல்பையே உருவி எடுத்துவிட்டிருக்கிறார். இன்ஜினை மறுபடி கட்டிமுடிக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அந்த அம்மா பேருந்தில்தான் போய்வந்தார்கள்.

பழைய காரை வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் சாவியை ஒரு படி மட்டும் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் அப்போது எரியாவிட்டால், விற்கிறவர் எவ்வளவு நல்லவராய்த் தோன்றினாலும், மீட்டரைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆயில் விளக்கு வேலை செய்யும் விதம் மிக எளியது. இன்ஜின் பிளாக்கில் சிறிய சுவிட்ச் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஆயிலுக்கு அழுத்தம் இல்லாதபோது அதன் உள்ளேயிருக்கும் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும், மின்சாரம் பல்பு வழியாக வந்து இன்ஜினின் உடலில் எர்த் ஆகும், விளக்கு எரியும். இன்ஜின் ஓடி, ஆயில் பம்பு அழுத்தம் கொடுத்தவுடன் அந்த முனைகள் பிரியும், விளக்கு அணையும். ஆகவே சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாவிட்டால், குற்றம் பல்பிலா, ஒயரிலா, சுவிட்சிலா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான பழைய கார்களில் அந்தச் சுவிட்சுக்கு ஒரே ஒயர்தான். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்து, அந்த ஒயரைச் சுவிட்சிலிருந்து உருவி, அதன் முனையை இன்ஜினின் வெற்று உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் சரி. சுவிட்சை மாற்ற வேண்டும். எரியாவிட்டால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஐந்து நிமிடமும் கையைத் துடைக்கக் கந்தல் துணியும் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கு எரிந்தால் மட்டும் யோசிக்கவே கூடாது. பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டிப் போகிற அந்தச் சில கிலோமீட்டரில்தான் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜின் போகும்.

பிரியமானவர்களே, வீடுகளைச் சந்திக்கப் போகும்போது இந்தக் காலியான ஹோல்டரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "எப்படியிருக்கிறீர்கள்?" என்றால், "சுகமாயிருக்கிறேன் ஐயா, ஒரு குறையுமில்லை" என்று பதில் வரும். சென்ற ஆண்டுவரை மூட்டு வலியையும் மருமகளையும் பற்றி மணிக்கணக்கில் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு முதியவர், இவ்வாண்டு ஒன்றுமே சொல்வதில்லை. வலி தீர்ந்ததா, அல்லது சொல்லிப் பயனில்லை என்று தாமே பல்பை உருவிவிட்டாரா? குறை சொல்கிறவர்களைப் பற்றிச் சபைகளில் நாம் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கோ, நெடுங்காலமாக ஒன்றும் சொல்லாதவர்களைக் குறித்தே அதிகப் பயம். அவர்கள் வீட்டில்தான் இரண்டாவது காப்பி வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

பேட்டரி விளக்கின் கதை வேறு. எனக்கு அது இன்னும் வியப்பூட்டுகிறது. அந்தச் சிறிய பல்பு வெறும் செய்தி சொல்லும் பல்பு அன்று. பழைய கார்கள் பலவற்றில், சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகவே ஆல்டர்னேட்டருக்குள் போய், சுழலும் சுருளைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் இருந்தால்தான் ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். தொடங்கியபின் பல்பின் இரு பக்கமும் ஒரே அளவு வோல்டேஜ் வந்துவிடும். ஆகவே அதன் வழியே மின்சாரம் பாயாது, விளக்கு அணைந்துவிடும். இப்படிப்பட்ட வண்டியில் பேட்டரி விளக்கு உருகிப்போனால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே போகக்கூடும். அல்லது இன்ஜினை நன்றாக முடுக்கிய பிறகே தொடங்கும். இதை எதிர்பார்த்து, சில வண்டிகளில் பல்புக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் பேட்டரி காரணமில்லாமல் அடிக்கடி இறங்குகிறது என்றால், புதுப் பேட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் அந்தச் சிறிய பல்பு எரிகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது ஏறத்தாழ 12.5 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12இலேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை என்று அறியலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் எந்தப் பல்பைப் போட்டாலும் நெடுநாள் நிற்காது.

இதுவரை எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிச் சொன்னேன். இரவில் மீட்டரின் எண்களைக் காட்டும் வெளிச்ச விளக்குகள் வேறு. எங்கள் வீட்டிலுள்ள மாருதி 800, 1997இல் பதிவானது. அந்த வகைக் கார்கள் 1983 டிசம்பரில் முதன்முதல் வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் நம் பக்கத்துச் சாலைகளில் அவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் ஜெபக்கூட்டம் முடித்து, கடையம் வழியாக இரவு பத்து மணிக்குமேல் தென்காசிக்குத் திரும்புகிற எனக்கு, மீட்டரில் பாதி இருண்டுபோனது இந்த மழைக்காலத்தில்தான். வேகம் மங்கலாகத் தெரிந்தது. பெட்ரோல் முள் தெரியவேயில்லை. மனைவி கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக் காட்ட, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்தோம்.

மறுநாள் நமக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் போனேன். அவர் எழுந்திருக்கவேயில்லை. "ஐயரே, மொதல்ல பின்னாடி போயி டெய்ல் லைட் எரியுதான்னு பாத்துட்டு வாங்க" என்றார். காரணம் இதுதான்: பெரும்பாலான கார்களில் மீட்டர் வெளிச்சமும் பின்புறச் சிவப்பு விளக்கும் ஒரே சுவிட்சிலிருந்து, பெரும்பாலும் ஒரே ஃபியூஸ் வழியாக வருகின்றன. மீட்டர் முழுவதும் இருண்டு, பின்விளக்குகளும் எரியாவிட்டால், பல்பைத் தேடி டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஃபியூஸைப் பார்த்தால் போதும். மீட்டர் முழுவதும் இருண்டு, பின்விளக்குகள் எரிந்தால், கப்ளரோ எர்த் ஒயரோ தளர்ந்திருக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள கார்களில் அதன் கம்பிச்சுருள் அற்றிருக்கலாம். யாரோ துடைக்கும்போது அதைக் கடைசிவரை குறைத்து வைத்திருப்பதும் உண்டு. எங்கள் வண்டியைப் போல ஒரு பக்கம் மட்டும் இருண்டால் அந்தப் பக்கத்துப் பல்பு போயிருக்கிறது, அல்லது அதன் ஹோல்டர் சரியாகத் தொடவில்லை.

இன்னொரு விசித்திரமான அடையாளமும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் வெளிச்சமும் கூடவே மினுக்கும். பிரேக்கை மிதித்தால் சம்பந்தமில்லாத விளக்கு ஒன்று மங்கலாக எரியும். இதைக் கண்டு பலர் சுவிட்சுகளை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். பெரும்பாலும் எர்த் கெட்டிருப்பதே காரணம். திரும்பிப் போக வழி அடைபட்ட மின்சாரம், அடுத்த விளக்கின் வழியாகத் தப்பிப் போகப் பார்க்கிறது. எர்த் ஒயரின் திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்கினால் எல்லா விளக்கும் தன் தன் வேலைக்குத் திரும்பும்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. சொருகும் தட்டை ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன நிறத்தையே போடுங்கள். போட்டவுடன் மறுபடி போனால் எங்கோ ஒயர் தோல் உரிந்து உடலில் படுகிறது என்று பொருள். அங்கே பெரிய ஃபியூஸைப் போடுவதும், சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி வைப்பதும் காரைத் தீக்குக் கொடுப்பதற்குச் சமம்.

பல்பை மாற்றும் வேலையைச் சனிக்கிழமை காலை வீட்டுத் திண்ணையருகே நிறுத்தி நானே செய்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். 10 எண் ஸ்பேனர் போதும். ஸ்டியரிங்கின் பின்னே துண்டு ஒன்றை விரித்தேன், விழுகிற திருகு இருளுக்குள் மறைந்துவிடாதபடிக்கு. மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கழற்றியபின், மீட்டரைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரியும். அவற்றை எடுத்ததும் மீட்டர் சற்றே முன்னே வரும், அதற்குமேல் இழுக்காதீர்கள். பின்புறம் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். கையை உள்ளே விட்டு அதன் பிடியை அமுக்கி விடுவிக்க வேண்டும். பிறகு கப்ளர். இழுக்கும்போது ஒயரைப் பிடிக்காமல் கப்ளரின் உடலைப் பிடித்து இழுங்கள். இத்தனை ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், கோபமாகத் தொட்டால் உடைந்துவிடும்.

மீட்டரின் முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளே ஒயர்கள். சிறு ஹோல்டர்கள் அதில் செருகியிருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் வெளியே வரும். பல்புக்கு உலோக அடி கிடையாது. கண்ணாடியே தட்டையாக நசுக்கப்பட்டு, இரண்டு மெல்லிய கம்பிகள் இருபுறமும் மடித்து விடப்பட்டிருக்கும். நேரே இழுத்தால் வந்துவிடும். எங்கள் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது.

ஏன் கறுக்கிறது தெரியுமா? உள்ளேயிருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. ஒவ்வொரு மணி நேரமும் அந்த இழையிலிருந்து மிக நுண்ணிய அளவில் உலோகம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. எங்கே மெலிகிறதோ அங்கே இன்னும் சூடேறும். சூடேறுவதால் இன்னும் மெலியும். குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே சுவிட்சைப் போடுகிற கணத்தில் மின்சாரம் வெள்ளம்போல் பாய்கிறது. மெலிந்த இழை பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் அறுகிறது. நம் சாலைப் பள்ளங்களின் குலுக்கலும் தன் பங்கைச் செய்கிறது.

ஒரு பல்பு போயிருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றின் விலை ஒரு காப்பியின் விலைக்கு மேல் இராது. டேஷ்போர்டை மறுபடி பிரிப்பதற்குத்தான் மனம் வராது. பழைய பல்பில் எழுதியிருக்கும் வாட் அளவையே வாங்குங்கள். அதிக வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு பெரிய வாட் போட்டால், ஹோல்டரும் வண்ணத் தகடும் சூட்டில் உருகும். பல்புக்குப் பச்சை உறையோ நீல உறையோ இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் செம்புக் கோடே போய்விடும்.

எல்.இ.டி. போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளிச்ச விளக்குகளுக்குப் போடலாம். சூடு குறைவு, ஆயுள் அதிகம். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். எரியாவிட்டால் கெட்டதென்று எறியாமல் திருப்பிச் செருகிப் பாருங்கள். மலிவான சில, வெளிச்சத்தை நேரே ஓரிடத்தில் மட்டும் பாய்ச்சுவதால் மீட்டரில் திட்டுத்திட்டாகத் தெரியும். கூசும் வெண்மை எனக்குப் பிடிக்கவில்லை. இருளுக்குப் பழகிய கண் அதைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தால், ஓரத்தில் நடப்பவர் தாமதமாகவே தெரிகிறார். ஆனால் பேட்டரி விளக்கின் இடத்தில் மட்டும் எல்.இ.டி. வேண்டாம். ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதுமான மின்சாரத்தை அது விடாது.

நீல விளக்கையும் மறந்துவிடாதீர்கள். ஹை பீமில் இருக்கிறோம் என்று சொல்வது அது. மற்ற விளக்குகள் போனால் நமக்கு நஷ்டம். இது போனால் எதிரே வருகிறவருக்கு. கண் கூசித் தடுமாறும் இருசக்கர வாகனக்காரர் ஏன் நம்மைத் திட்டிவிட்டுப் போகிறார் என்றுகூட நமக்குத் தெரியாது. அந்தப் பல்பையும் அன்றே மாற்றினேன்.

திரும்ப மாட்டும்போது, சட்டத்தை இறுக்குவதற்கு முன்னே பேட்டரியை இணைத்து எல்லா விளக்கையும் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் எங்கும் கூர்மையாக மடங்காமல் வளைந்து போகட்டும்; மடங்கினால் முள் நடுங்கும், சத்தமும் வரும்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலயத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியை நிறுத்துங்கள். சாவியை ஒரு படி திருப்பிப் பார்க்க ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நான் மேலே சொன்ன சகோதரரும் வருவார். அவர் இப்போது டெஸ்ட் லாம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மாருதிக்குரிய பல்புகள் என்னிடம் பன்னிரண்டு இருக்கின்றன. அம்பாசிடர் வைத்திருக்கும் நம் மூப்பர் மட்டும் தம் வண்டிக்குரியதைத் தாமே கொண்டுவர வேண்டும்.